சுத்தபோசனம்

நம் வயதினர் எவரும் கோதுமையை வயலில் கண்டு வளர்ந்தவர்கள் அல்லர். நெல்லைக் கண்டோம், வரகையும் கம்பையும் சோளத்தையும் கண்டோம். கோதுமை நமக்கு எங்கிருந்தோ வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சாக்கில் வந்தது. சாக்கின் மேல் அமெரிக்க உதவியின் முத்திரையாக இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தன. நோயாளி வீட்டுக்குச் செய்தித்தாளில் பொதிந்த ரொட்டியாய் வந்தது. எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மூன்றாவது வழியொன்றும் இருந்தது. ஞாயிறுதோறும் சாமியாரின் இரு விரல்களுக்கு நடுவே, ஓஸ்தி என்று நாங்கள் சொல்லும் வெண்ணிற அப்பமாய் உயர்ந்து, நாவில் வைத்த மாத்திரத்தில் கரைந்துபோயிற்று. மூன்றும் கொடையாக வந்தவை. உழாமலும் விதைக்காமலும் கைக்கு வந்த அந்தத் தானியத்தை எங்கள் ஊரில் எவரும் ஐயுற்றதில்லை. ஐயுற்றவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். அவளை முழுமையாய் விளங்கிக்கொள்ள எனக்கு முதுமை வேண்டியிருந்தது.

அரியலூரிலிருந்து பஸ்ஸில் போகும் தொலைவில், சுண்ணாம்புக்கல் தரையில் அமைந்த சிற்றூர் எங்களுடையது. அப்பா அரியலூரில் பள்ளி ஆசிரியர். அங்கேயே அறை எடுத்துத் தங்கிச் சனிக்கிழமை மாலை வீடு வருவார். வீட்டில் அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை இளம் வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவள். அவளுக்கு நாக்கு கூர்மை. மனம் அதற்கு நேர் எதிர்.

அந்த ஆண்டு எனக்கு ஒன்பது வயது. கைகால்கள் குச்சியாய் இருந்தன. வயிறு மட்டும் பருத்திருந்தது. வயிறு முன்னே நடக்க, நான் அதன் பின்னே நடந்தேன் என்று சொன்னால் பொருந்தும். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. அடிக்கடி கழிச்சல், வாய் ஓரத்தில் புண், முடியும் உதிர்ந்தது. ஊரார் அதற்குக் ‘கிராணி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய மருத்துவச் சொல்தான். ஆனால் எங்கள் தெருவில் அச்சொல்லைச் சொன்னவர்கள் நோயின் பெயராகச் சொல்லவில்லை, என் பெயராகவே சொன்னார்கள். “கிராணி வருது, வழி வுடுங்கடி” என்று பள்ளித் தோழிகள் ஒதுங்கி நிற்பார்கள். ஒதுங்கி நின்றது கேலியால் பாதி, அக்கறையால் பாதி. நான் ஓடவேண்டிய அவசரம் அவர்களுக்கும் தெரியும்.

அந்த ஓட்டந்தான் எனக்குப் பெருந்துயரம். என்னோடு ஞானோபதேசம் படித்த பிள்ளைகள் அனைவரும் முந்திய ஆண்டே புதுநன்மை வாங்கிவிட்டார்கள். முதன்முதலாக நற்கருணை அப்பம் உண்பதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது. எனக்கும் வெள்ளைக் கவுன் தைத்தாயிற்று. ஆனால் பூசை நடுவில் எழுந்து வெளியே ஓடும் பிள்ளைக்கு எப்படி நன்மை கொடுப்பது? “முழுப் பூசையும் ஒக்காந்து காணட்டும், அப்பறம் பாப்போம்” என்று பங்குச் சாமியார் அம்மாவிடம் சொல்லிவிட்டார். கவுன் தகரப் பெட்டிக்குள் போயிற்று. நான் பெட்டியைத் திறந்து அதை மோந்து பார்த்துவிட்டு மூடுவேன். துணியில் அந்துருண்டை வாசனைதான் வரும்; எனக்கோ அதுவே விண்ணக வாசனையாய் இருந்தது.

பூசையிலிருந்து நான் ஓடிய இடத்தையும் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் பின்னே ஓர் ஓடை. பெரும்பாலும் நீரின்றிக் கிடக்கும். மழை அரித்த அதன் கரையில் கல்லான சிப்பிகள் பதிந்திருந்தன. அலை அலையாய் விளிம்பு நெளிந்த சிப்பிகள். ஆட்டுக்கொம்புபோல் உள்ளே உள்ளே சுருண்ட கற்கள். ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். “இங்க கடல் இருந்துச்சும்மா. மனுசன் வர்றதுக்கு முந்தியே” என்றார். கோயிலுக்குள் எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, நான் மட்டும் வெளியே, தண்ணீரற்ற கடலின் தரையில் குந்தியிருந்தேன். வெட்கமும் வலியும் ஒருபுறம். மறுபுறம் விரலால் தடவத் தடவத் தீராத வியப்பு. பெருமழை பெய்தால் கடல் தன் இடத்தைத் தேடித் திரும்பி வருமோ என்று அஞ்சியதுண்டு. விளிம்பு நெளிந்த சிப்பி ஒன்றைப் பெயர்த்தெடுத்து எப்போதும் பாவாடை முடிச்சில் வைத்திருந்தேன்.

அரியலூர் டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சோறு கொறைச்சுக்குங்க சார். செரிக்காது. லேசா ரொட்டி, பன்னு, பால் குடுங்க, தேறிடும்” என்று சொல்லியிருந்தார். அக்காலத்தில் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அது முதல் சனிக்கிழமைதோறும் அப்பா ஒரு ரொட்டியும் சில பன்களும் வாங்கி வந்தார். பஸ்ஸில் யார் கூடையும் நசுக்காதபடி மடியில் வைத்துக்கொண்டு வருவார். பொதியை அவிழ்க்கும்போது எழும் மணத்துக்காக நான் வாரம் முழுதும் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் மதியம் வெந்த கோதுமைச் சோற்றின் எண்ணெய் மணமும் எனக்கு அப்படியே. மற்றப் பிள்ளைகள் முகஞ்சுளித்து ஒதுக்கியதை நான் இரண்டாம் முறையும் வாங்கி உண்டேன். உடம்பு தன் பகையையே இவ்வளவு விரும்புமா என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். விடை கிடைக்கவில்லை.

தபசு காலம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு, வந்தது. விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பினோம். அன்று விடுப்பு எடுத்திருந்ததால் அப்பாவும் இருந்தார். ஒருசந்தி, சுத்தபோசனம் என்னும் இரண்டு சொற்களும் வீட்டில் புழங்கத் தொடங்கின. ஒருசந்தி என்றால் ஒருவேளை உணவு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி நீக்கிய உணவு.

“அண்ணன் வெத்தலைய வுடுறாரு, அண்ணி காப்பிய வுடுறாங்க. நீ எதடி வுடப் போற?” என்றாள் அத்தை.

“நான் கறிய வுடுறேன் அத்த. சுத்தபோசனம்.”

“மாசத்துக்கு ஒரு நாளு மூக்கால பாக்குற கறிய வுட்டுட்டா சுத்தபோசனமா? ஆசப்பட்டத வுடணும்டி. அதான் ஒறுத்தல்.”

எனக்கு அழுகை வந்தது. “அப்ப பன்ன வுடுறேன்” என்றேன்.

அப்பா திடுக்கிட்டார். “டாக்டர் குடுக்கச் சொன்னதும்மா அது.”

அத்தை விடவில்லை. “பன்ன வுட்டுட்டு பள்ளிக்கூடத்துல கோதுமச் சோத்த ரெட்டக் கரண்டி வாங்கித் திம்பா. ஆண்டவரு என்ன, கண்ணு தெரியாதவரா?”

“அதையும் வுடுறேன்! போதுமா?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “வுடட்டுங்க. புள்ள வாயால நேந்துக்கிட்டத நம்ம மறுக்க வேணாம்” என்றாள்.

இப்படித்தான் நடந்தது. அத்தையின் ஏளனம் இல்லாதிருந்தால் நான் பன்னை மட்டும் விட்டிருப்பேன், பள்ளிச் சோறு தொடர்ந்திருக்கும், ஒன்றும் விளங்கியிராது. ஒரு கேலிச் சொல் அந்த ஒறுத்தலை முழுமையாக்கிவிட்டது.

முதல் இரண்டு வாரங்கள் நான் எதையும் உணரவில்லை. பிறகு ஒருநாள் காலை, வரகுக் கஞ்சியும் புளித்துவையலும் உண்டு எழுந்த சிறிது நேரத்தில் வயிற்றில் ஏதோ ஒன்று கிள்ளிற்று. வலி என்று எண்ணி அஞ்சி அம்மாவிடம் ஓடினேன். அவள் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், கண்களைப் பார்த்தாள். “வலி இல்லடி. பசி” என்றாள். எனக்குப் பசி என்றால் என்னவென்று தெரிந்த நாள் அதுதான். தோழியரே, தோழர்களே, நீங்கள் பிறந்த அன்றே அறிந்த ஒன்றை நான் ஒன்பது வயதில் அறிந்தேன். உடம்புக்குள் யாரோ முதன்முதலாய் விளக்கேற்றிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

வயிறு வற்றியது. கன்னம் தெரிந்தது. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் எல்லாத் தலங்களிலும் முழந்தாளிட்டேன், எழுந்து ஓடவில்லை. குருத்து ஞாயிறன்று இயேசுவின் பாடுகளின் வரலாற்றை எல்லாரும் நின்றுகொண்டே கேட்க வேண்டும். பெரியவர்களே கால் மாற்றி நிற்பார்கள். நான் அசையாது நின்றேன். முடிவில் திரும்பிப் பார்த்தால் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். “ஆண்டவரே, ஏச்சுக்கு வாய் குடுத்தீரு, அந்த வாயாலேயே புள்ளையக் கரையேத்துனீரே” என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

ஊர் முழுதும் அதைப் புதுமை, அதாவது அற்புதம், என்றது. எனக்கும் ஐயமில்லை. ஆண்டவர் என்மீது கை வைத்தார் என்றே நம்பினேன். ஓடைக்குப் போய் அந்தச் சிப்பிகளின் நடுவே நின்று, கடலையே தரையாக்கியவர் என் வயிற்றைச் சரியாக்கியது பெரிதா என்று எண்ணியபோது உடல் சிலிர்த்தது.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு எனக்குப் புதுநன்மை. வெள்ளைக் கவுன் உயரத்துக்குச் சரியாகவே இருந்தது. ஓராண்டில் நான் வளரவே இல்லை. காணிக்கைத் தட்டில் பிறர் பூவும் மெழுகுத்திரியும் வைத்தார்கள். நான் என் சிப்பியை வைத்தேன். சாமியார் அதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பீடத்தின் ஓரத்தில் வைத்தார். பிறகு அதை நான் காணவில்லை. வேற்றூருக்கு மாறிப் போனபோது அவரே கொண்டுபோனாரோ, கோயில் வெள்ளையடித்தவர்கள் எறிந்தார்களோ, தெரியாது.

ஓஸ்தி என் நாவில் பட்டது. சுவை என்று ஒன்று இல்லை. ஆனால் அண்ணத்தில் ஒட்டி, மெல்ல மெல்ல நானாகவே ஆகிவிட்ட அந்த நொடியில் கோயிலின் ஓசை அனைத்தும் நின்றது. அதன்பின் என் வாழ்வில் பல பெரிய நொடிகள் வந்தன. எதுவும் அந்த அமைதியை எட்டவில்லை.

அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தாள்: மகள் முழுப் பூசை கண்டு நன்மை வாங்கினால் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுப்பதாக. கோயில் வாசலில் கூடை நிறையப் பன். அப்பா அரியலூரில் சொல்லிவைத்து முதல் பஸ்ஸில் கொண்டுவந்தது. நானே என் கையால் கொடுத்தேன். ‘கிராணி’ என்றவர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். “இன்னொண்ணு குடுடி, என் தம்பிக்கு” என்று கெஞ்சியவளுக்குத் தம்பியே இல்லை என்பது எனக்குத் தெரியும், கொடுத்தேன். கடைசிப் பன் எனக்கு. ஒறுத்தல் முடிந்தது, நன்றியும் செலுத்தியாயிற்று. எந்த ரொட்டியை விட்டதால் குணமானேனோ அந்த ரொட்டியைக் கொண்டே குணமானதற்கு நன்றி சொன்னோம். இதை வேறெந்த ஊராராவது செய்திருப்பார்களா, அறியேன்.

சனிக்கிழமை ரொட்டி மீண்டும் வந்தது. கோடை முற்றுவதற்குள் கழிச்சலும் மீண்டும் வந்தது. பசி என்னை விட்டுப் போயிற்று. விளக்கை யாரோ ஊதி அணைத்துவிட்டார்கள்.

“ஆண்டவருக்குப் புடிக்காதது எதையோ செஞ்சிருக்கோம்” என்றாள் அத்தை. “ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நடந்து போவோம் அண்ணி.”

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். “குடுத்தத திருப்பி வாங்கிக்கிறவரா ஆண்டவரு? எங்கப்பனே அப்படிச் செய்ய மாட்டாரு. இது ரொட்டி.”

“என்னது?” என்றார் அப்பா.

“ரொட்டிங்க. கோதும. தபசு காலத்துல அதத்தான் வுட்டா, நல்லாருந்தா. திரும்பத் தின்னா, திரும்ப வந்துடுச்சு.”

அப்பா சிரித்துவிட்டார். “ஒலகத்துல பாதி சனம் அதத் தின்னுதான் உயிர் வாழுது. நோயாளிக்கே அதத்தான் குடுக்குறான்.”

“ஒலகத்த நான் பெக்கலிங்க. இவளப் பெத்தேன்.”

சாமியாரிடமும் அவள் போனாள். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். “தோத்திரம் சாமி. கோதும சில ஒடம்புக்கு வெசமா இருக்குமா சாமி?” என்று கேட்டாள். அவர் நல்லவர். ஆயினும் அவர் முகம் மாறியதைக் கண்டேன். “ஆண்டவர் தம்ம திருவுடலுக்குத் தேர்ந்துக்கிட்ட தானியம்மா அது. அதப் போய் வெசங்கலாமா? பாப்பாவுக்காக நான் வேண்டிக்கிறேன், போயிட்டு வாங்க” என்றார். தான் கேட்டது பாவமா என்று அம்மா அன்று நடுங்கியிருப்பாள். ஆனால் அந்தச் சனிக்கிழமை வந்த ரொட்டியைக் கோழிக்குப் போட்டாள். பள்ளியிலும் எனக்குக் கோதுமைச் சோறு வேண்டாமென்று சொல்லி, கம்புருண்டை கட்டிக் கொடுத்தாள்.

மழைக்காலம் வரை நான் மீண்டும் தேறினேன். அம்மாவின் நடையில் ஒரு நிமிர்வு வந்திருந்தது. பிறகு, ஐப்பசி மழை பிடித்த ஒரு வாரத்தில், அடிவயிறு முறுக்கியது. இம்முறை வலி வேறாய் இருந்தது, வேறிடத்தில் இருந்தது. குருதியாகப் போயிற்று. காய்ச்சலில் கிடந்தேன். ஞாயிறு ஓஸ்தி தவிர ஒரு கோதுமை மணியும் என் வாயில் பட்டிருக்கவில்லை.

அத்தை சண்டைக்காகக் கேட்கவில்லை, அச்சத்தால் கேட்டாள். “ரொட்டியே திங்காம ரத்தமா போவுதே அண்ணி. இப்ப எத நிறுத்தப் போறீங்க? சோத்தையா?”

அப்பா மெல்லச் சொன்னார்: “புள்ளைக்கு ஒடம்புல தெம்பே இல்ல. டாக்டர் சொன்னத ஒழுங்காக் குடுத்திருக்கலாம்.”

ஓர் ஐயத்தை அம்மா ஆறு மாதம் தனியே காத்தாள். அது அவள் கண்முன்னே பொய்த்தது. அடுத்த ரொட்டி வந்தபோது அவளே அதைப் பிய்த்துப் பாலில் நனைத்தாள். ஒவ்வொரு துண்டின் மேலும் கட்டைவிரலால் சிலுவை வரைந்து எனக்கு ஊட்டினாள். ரொட்டியை மந்திரிப்பதுபோல் இருந்தது. ரொட்டிக்கு ஆசீர் அளிக்கிறாள், தன் பழிச்சொல்லுக்காக அதனிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன். எனக்குத் திருமணமாகும் வரை, எப்போது ரொட்டி தந்தாலும் அந்தச் சிலுவையைப் போடாமல் அவள் தந்ததில்லை.

ஐம்பதைக் கடந்த பின்னரே, திருச்சியில் ஓர் இளம்பெண் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து எனக்கு உண்மையைச் சொன்னார். திரையில் என் சிறுகுடலைக் காட்டினார். மடிப்புகளின் விளிம்பு அலை அலையாய் நெளிந்திருந்தது. “சிப்பி ஓரம் மாதிரி இருக்கு பாருங்கம்மா. கோதுமையால வர்றது. சீலியாக் நோய்னு பேரு” என்றார். நான் அவ்விளிம்பை அறிவேன். பாவாடை முடிச்சில் வைத்து விரலால் தடவிய அதே விளிம்பு. வறண்ட ஓடையில் கண்ட கடலின் தரையை அத்தனை காலமும் எனக்குள்ளேயே சுமந்திருந்தேன்.

பிறகு பெருங்குடலைக் காட்டினார், அங்கே புண்கள். “இது வேறம்மா. குடல் அழற்சி. அதுக்கும் கோதுமைக்கும் சம்பந்தமில்ல. ஒங்களுக்கு ரெண்டும் இருக்கு.”

இப்போது நான் இருவரோடு குடித்தனம் நடத்துகிறேன். ஒன்றைக் கோதுமையை விலக்கி அடக்கலாம். மற்றது மாத்திரைக்கு மட்டும் ஓரளவு அடங்கும், தன் விருப்பப்படி எழும். விருந்துக்குப் போனால் சாம்பாரில் கட்டிப் பெருங்காயமா என்று கேட்கிறேன். அதிலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. வயிறு நொந்தால் இருவரில் யார் என்று உள்ளே செவிசாய்க்கிறேன். அஞ்சவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அச்சத்தினும் மிகுதி வியப்பு. இத்தனை காலம் இருவர் இடித்தும் இந்த உடம்பு நின்றிருக்கிறது!

அம்மா பெரம்பலூரில் என்னோடு இருக்கிறாள். அப்பாவும் அத்தையும் மறைந்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து திரும்பி, அவள் கட்டிலருகே உட்கார்ந்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

“ரெண்டா?” என்றாள். “ஒரு வூட்டுல ரெண்டு திருடனா? ஒருத்தனப் புடிச்சும் களவு நிக்கலியேன்னு புடிச்சவன வுட்டுட்டேனே.” சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு பாதியில் மாறியது. “அப்ப நன்மை? அதுவும் கோதுமதானடி?”

“கிண்ணத்துல திராட்ச ரசம் மட்டும் குடுப்பாங்களாம்மா. சாமியார்ட்ட கேட்டுட்டேன்.”

“தோத்திரம்” என்று கைகுவித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கட்டைவிரல் இப்போது வளைந்து போயிருந்தது.

“அம்மா, அன்னைக்குப் பால்ல நனைச்சு ஊட்டுனப்ப உனக்குச் சந்தேகம் போயிடுச்சா?”

“எங்க போவும்? ஒவ்வொரு தடவையும் இருந்துச்சு.”

“பின்ன ஏம்மா ரொட்டிக்குச் சிலுவ போட்ட?”

அம்மா என்னை, ஒன்றும் விளங்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ரொட்டிக்கா போட்டேன்? அதுகிட்டேருந்து ஒனக்குக் காவலாப் போட்டேன்டி.”